இராகத்தலைவன்



"கண்டக்டர்" என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருகிறவர் யார்? தேவிகுளத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிறுவயதில் இரண்டு கண்டக்டர்களைத்தான் தெரியும். ஒருவர், மூணாற்றிலிருந்து போடிக்கு இறங்குகிற பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவர். மற்றவர், எங்கள் தாய்மார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும்போது வேலையை மேற்பார்க்கிற உத்தியோகஸ்தர். இருவருமே உரத்த குரலுடையவர்கள். வாய் திறவாமல், கையில் ஒரு சிறு கோலை மட்டும் பிடித்துக்கொண்டு, நூறு பேரை ஒருமனப்படுத்துகிற மூன்றாவது கண்டக்டர் ஒருவர் உண்டு என்பதை வேதாகமக் கல்லூரிக்குப் போன பிறகே அறிந்தேன்.

நமது தமிழ் வேதாகமத்தில் அவருக்கு அழகான ஒரு பெயர் உண்டு: இராகத்தலைவன். ஐம்பத்தைந்து சங்கீதங்களின் தலைப்பில் அந்தப் பெயர் வருகிறது. பாட்டை எழுதினவர் தாவீது என்றும், ஆசாப் என்றும், கோராகின் புத்திரர் என்றும் காண்கிறோம். ஆனால் அதை வாங்கிப் பாடகருக்குக் கற்பித்து, ஆலயத்தில் ஒலிக்கச்செய்த இராகத்தலைவனுடைய பெயரோ பெரும்பாலும் சொல்லப்படவில்லை. எத்தனை முறை வாசித்தும், இதன் பொருளை நான் வெகுகாலம் சிந்திக்கவில்லை. அதனால் விளைந்த ஒரு தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் மலைக்குப் பாட்டுப் புதிதன்று. 1958-ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலின்போது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் இந்த மலைகளில் பாடியதைப் பெரியவர்கள் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய இளைய சகோதரர் இளையராஜா எழுதிய 'வேலியண்ட்' என்னும் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டன் மாநகரில் அரங்கேறியதை நீங்கள் அறிவீர்கள். பனியும் குளிரும் சூழ்ந்த லயங்களில் பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஜனங்களுக்குப் பாட்டுத்தான் இளைப்பாறுதலாயிருந்தது. தகரக் கூரை வேய்ந்த எங்கள் சிறு சபையிலும் அப்படியே.

வேதாகமக் கல்லூரியில் நான்கு குரல்களில் பாடும் முறையை ஓரளவு கற்றுக்கொண்டு, 1997-ஆம் ஆண்டு நான் அந்தச் சபைக்குத் திரும்பினேன். இருபது பேர் கொண்ட பாடகர் குழுவை உண்டாக்கி, அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஆயத்தப்படுத்தினேன். அவர்களில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்த அண்ணன் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். ஒரு ஒத்திகையையும் தவறவிடாதவர். ஆனால் அவருடைய குரல் சுருதியோடு சேராது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். கடைசி ஒத்திகையில் எல்லாருக்கும் முன்பாக, "அண்ணே, அன்றைக்கு நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள், போதும்" என்று சொல்லிவிட்டேன். வாலிபர் சிலர் சிரித்தார்கள். அவர் தலையசைத்தார். கிறிஸ்துமஸ் காலையில் வெள்ளைச் சட்டையோடு வந்து, வாயை மட்டும் அசைத்தார். பாட்டு நன்றாயிருந்தது என்று அநேகர் என்னைப் பாராட்டினார்கள். அதன்பின் அவர் பாடகர் குழுவில் நிற்கவில்லை, ஆராதனையிலும் பாடவில்லை. ஓய்வு பெற்றதும், தோட்டத்து வழக்கப்படி லயத்து வீட்டைக் காலிசெய்துகொடுத்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைசெய்த மகனிடம் போய்ச்சேர்ந்தார். நானும் சில ஆண்டுகளில் கோயம்புத்தூருக்கு ஊழியத்தை மாற்றிக்கொண்டேன். அந்த நிகழ்ச்சி என் மனதைவிட்டு அகன்றே போயிற்று.

அதை எனக்கு நினைப்பூட்டினவர், நம்மில் அநேகர் கேள்விப்பட்டிராத ஒரு மனிதர். 2005 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலையின் முதலாம் ஆண்டு நினைவாகச் சென்னை மியூசிக் அகாடமியில் ஜெர்மனி தேசத்துப் பவேரிய அரசு இசைக்குழு வாசித்தது. நடத்தியவர் சூபின் மேத்தா. அந்த அரங்கில் நான் இல்லை. செய்தித்தாளில் வாசித்து, இந்தியப் பெயராக இருக்கிறதே என்று வியந்து, அவரைப்பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சூபின் மேத்தா 1936 ஏப்ரல் 29 அன்று பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவரல்லர்; ஆனாலும் அவருடைய வாழ்க்கையில் நாம் கற்கவேண்டிய பாடம் உண்டு. தகப்பனார் மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். 1935-ல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியவர். மகன் மருத்துவராக வேண்டுமென்று கல்லூரியில் சேர்க்கப்பட்டார். மனமோ இசையிலேயே இருந்தது. 1954-ல், பதினெட்டாம் வயதில், வியன்னா நகரத்துக்குப் புறப்பட்டார். அந்நிய பாஷை, அந்நிய குளிர், அந்நிய முகங்கள். மலையைவிட்டு நகரத்துக்கு வந்த உங்களுக்கு அந்த முதல் மாதங்களை நான் விவரிக்கவேண்டிய அவசியமில்லை.

அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் இசைக்குழுவை நடத்தும் வித்தையைக் கற்றார். டபுள் பாஸ் என்னும் பெரிய நரம்புக்கருவியையும் பயின்றார். வியன்னாவில் புரூனோ வால்ட்டர், கரயான் போன்ற மாமேதைகள் ஒத்திகை நடத்துவார்கள், வெளியாருக்கு அனுமதியில்லை. ஆகவே சூபின் மேத்தாவும், பிற்காலத்தில் புகழ்பெற்ற அவருடைய தோழர் கிளாடியோ அபாதோவும் ஒரு காரியம் செய்தார்கள். அந்த மேதைகளின்கீழ் பாடுகிற பெரிய பாடகர் குழுவில் தாங்களும் பாடகராகச் சேர்ந்துகொண்டார்கள். கோல் பிடிக்க விரும்பினவர்கள், முதலில் பிறருடைய கோலுக்குக் கீழ்ப்பட்டு, கூட்டத்தில் ஒரு குரலாய் நின்றார்கள்.

1956-ல் அங்கேரியில் கலகம் எழுந்து, அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் திரண்டு வந்தபோது, மாணவர்களைக்கொண்டு ஓர் இசைக்குழுவைச் சில நாட்களில் திரட்டி, அகதிகள் முகாமில் நிகழ்ச்சி நடத்தினார். 1958-ல் லிவர்பூல் நகரத்தில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதலிடம் பெற்றார். அதன்பின் வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திறந்தன: 1961 முதல் 1967 வரை மான்ட்ரியல், 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சல்ஸ், 1978 முதல் 1991 வரை நியூயார்க். இஸ்ரேல் இசைக்குழுவோடு அரை நூற்றாண்டு நெருங்கிய தொடர்பு வைத்திருந்து, 2019-ல் அங்கிருந்து ஓய்வு பெற்றார். இந்திய அரசு 1966-ல் பத்ம பூஷண் விருதையும், 2001-ல் பத்ம விபூஷண் விருதையும் அளித்தது.

ஆயினும் என் உள்ளத்தைத் தொட்டவை இந்தப் பதவிகளல்ல. 1994 ஜூன் மாதம் சரயேவோ நகரம் முற்றுகைக்குள் இருந்தபோது, எரிந்து இடிந்துகிடந்த தேசிய நூலகத்தின் நடுவில், அந்த நகரத்து இசைக்குழுவையும் பாடகரையும் வைத்து, மரித்தோருக்காக மொஸார்ட் இயற்றிய ரெக்வியம் என்னும் பாடல்தொகுதியை அவர் நடத்தினார். 1999 ஆகஸ்டில், நாசிகளின் வதைமுகாம் இருந்த ஜெர்மனியின் புக்கன்வால்டுக்கு அருகில், இஸ்ரேல் இசைக்குழுவையும் ஜெர்மானிய இசைக்குழுவையும் ஒன்றாய் உட்காரவைத்து, 'உயிர்த்தெழுதல்' என்று பெயர்பெற்ற மாலரின் இரண்டாம் சிம்பொனியை நடத்தினார். கொன்றவர்களின் பிள்ளைகளும் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் ஒரே கோலைப் பார்த்து ஒன்றாய் மூச்சு வாங்கினார்கள் என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஒரு கோலால் இது எப்படிக் கூடும்? நடத்துகிறவருக்கு முன்பாக இருக்கிற இசைப்புத்தகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி வரி உண்டு. வாசிக்கிறவரிடம் தன் வரி மட்டும் இருக்கும். நடத்துகிறவரிடமோ எல்லாருடைய வரியும் இருக்கும். அவருடைய வலக்கை காலத்தை அளக்கிறது. இடக்கை ஒருவரை உள்ளே அழைக்கிறது, இன்னொருவரைத் தணிக்கிறது, வேறொருவருக்குத் தைரியம் கொடுக்கிறது. ஆனால் அவர் ஒரு ஸ்வரமும் எழுப்புவதில்லை. கைகளைவிட அவருக்கு முக்கியமானது செவி. யார் தளர்கிறார், ஏன் தளர்கிறார் என்று அறியாதவர் எவ்வளவு அழகாய்க் கோலை வீசினாலும் பயனில்லை.

இதைப் படித்தபோதுதான், பிரியமானவர்களே, அந்த வெள்ளைச் சட்டை என் கண்முன் வந்து நின்றது. இருபது வரிகளில் ஒரு வரியை நான் அடித்துவிட்டேன். ஏன் அவருடைய சுருதி சேரவில்லை என்று ஒருநாளாவது கேட்டேனா? இல்லை. நாளாகமப் புத்தகத்தில் தாவீது ஏற்படுத்திய பாடகர் இருநூற்றெண்பத்தெட்டுப் பேர். கற்பிக்கிறவர், கற்கிறவர் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒரே விதமாய்ச் சீட்டுப் போடப்பட்டது என்று பலமுறை பிரசங்கித்தவன் நான். என் பிரசங்கம் எனக்கு எதிராகவே நின்றது.

2006-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முகவரி விசாரித்துத் திருப்பூருக்குப் போனேன். குறுகலான சந்தில் ஓர் அறை வீடு. அவர் நன்றாய் முதிர்ந்திருந்தார். நான் இரண்டுமுறை உரக்கக் கூப்பிட்ட பிறகே திரும்பினார். அருகில் இருந்த மருமகள், "மாமாவுக்குக் காது கேக்காதுங்க பாஸ்டர். எஸ்டேட் ஃபேக்டரியில இலை அரைக்கிற மிஷின் பக்கத்துலயே முப்பது வருசம் நின்னவரு. அங்க இருக்கும்போதே பாதி போயிருச்சு" என்றாள்.

என்னால் பேச இயலவில்லை. அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, செவிக்கருகில் குனிந்து, "அண்ணே, அன்றைக்கு உங்களைப் பாடவேண்டாம் என்று சொன்னேனே, என்னை மன்னியுங்கள்" என்றேன்.

அவர் சற்றுநேரம் யோசித்தார். பிறகு, "அதனால என்ன ஐயா. எனக்குப் பாட்டுச் சத்தம் சரியாக் கேக்காது. உங்க கையைப் பாத்துத்தான் பாடிக்கிட்டிருந்தேன். நீங்க வேண்டாம்னதும், பாக்கிறதுக்கு ஒண்ணுமில்லாமப் போச்சு" என்றார்.

அதில் குற்றச்சாட்டு இல்லை; இருந்ததைச் சொன்னார். அதுவே என்னை அதிகமாய் உடைத்தது. மற்றவர்களுக்கு என் கை ஒரு துணை மாத்திரமே. அவருக்கோ அதுதான் பாட்டு. யாருக்கு என் கை அதிகமாய்த் தேவைப்பட்டதோ அவரிடமிருந்துதான் அதை நான் எடுத்துக்கொண்டேன்.

புறப்படுமுன் அவருக்கெதிரே நின்று, மெதுவாய்க் கையசைத்தேன். அவர் புரிந்துகொண்டார். அந்தப் பழைய கிறிஸ்துமஸ் பாட்டை முழுவதும் பாடினார். சுருதி அன்றும் சேரவில்லை. ஆனால் காலம் ஓர் இடத்திலும் தவறவில்லை. அவர் கண்கள் என் கையைவிட்டு விலகவே இல்லை. பேரப்பிள்ளை சிரித்தான், மருமகள் அவனை அதட்டிவிட்டு, தானும் சேர்ந்து பாடினாள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்த அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அருமையான வாசகரே, உங்கள் வீட்டில் நீங்கள் இராகத்தலைவனாயிருக்கலாம். தையற்கூடத்திலோ, அலுவலகத்திலோ, சபையின் வாலிபர் கூட்டத்திலோ பத்துப்பேருக்குத் தலைவராயிருக்கலாம். மலையிலிருந்து அழைத்துவந்து அடுக்குமாடி வீட்டின் ஒரு மூலையில் உட்காரவைத்திருக்கிற உங்கள் தாயார் பேசத்தொடங்கும்போது, "அம்மா, உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு" என்று சொல்கிறீர்களா? வகுப்பில் பின்தங்கின பிள்ளையை விருந்தினருக்கு முன்பாக மறைத்து நிறுத்துகிறீர்களா? அவர்களும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கக்கூடும். வீட்டில் சத்தம் இல்லை, எல்லாம் ஒழுங்காயிருக்கிறது என்று நீங்களும் என்னைப்போல மகிழ்ந்திருக்கக்கூடும்.

இன்று இரவு அவர்கள் அருகில் போய் உட்காருங்கள். ஏன் சுருதி சேரவில்லை என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். நான் எட்டு வருடம் தாமதித்தேன். நீங்கள் அவ்வளவு தாமதிக்கவேண்டாம். ஒவ்வொருவருடைய வரியையும் அறிந்திருக்கிற தேவன், கேட்கும் செவியை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.