விழுறதுக்குன்னே ஒரு பாதை!

ஒரு சின்ன டெஸ்ட். 'ஆரணி'னு சொன்னதும் உங்க மனசுல என்ன தோணுது? பட்டுச் சேலைதானே? பல்பு! அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் சொல்றது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பெரியபாளையத்துக்குப் பக்கத்துல, ஆரணியாற்றங்கரையில இருக்கிற எங்க ஊர். காலேஜ்ல சேர்ந்து மூணு வருஷமாச்சு. 'ஊருக்குப் போனா அம்மாவுக்கு ஒரு பட்டு எடுத்துட்டு வா மச்சி'ங்கிறவனுக்கெல்லாம் இதே விளக்கத்தைத்தான் சொல்லிட்டிருக்கேன்.

எங்க ஊர் அந்தப் பட்டு ஊர் இல்ல. ஆனா, சைக்கிள் பைத்தியங்கள் உண்டு. ப்ளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுக்குமே விலையில்லா சைக்கிள்... அது கைக்கு வந்த முதல் வாரமே முன்னாடி கூடை, மட்கார்டு, பெல் எல்லாம் கழட்டி வீட்டுப் பரணுக்குப் போயிடும். வண்டி ஆத்தங்கரைக்குப் போயிடும். கரை மேலேருந்து கண்ணை மூடிக்கிட்டு இறங்கி, மணல்ல சறுக்கி, எதிர்ப்பக்கம் ஏறணும். ஏறினா ஹீரோ. ஏறலைன்னா பல்லுல மணல்.

இதுல பிரச்னை ஆத்தங்கரை இல்ல. அங்க போய்ச் சேர்ற ரோடு. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், இன்னொரு பக்கம் செங்குன்றம் குடோன்கள். நடுவுல நாங்க. ராத்திரி பகல் இல்லாம லாரி. ப்ளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம், ரேஸ் முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பும்போது, என் நண்பனோட ஹேண்டில்பார்ல ஒரு லாரி உரசிட்டுப் போச்சு. உரசினதுதான். வலது கால்ல இன்னிக்கும் பிளேட் இருக்கு. ஆத்துக்குள்ள நூறு தடவை விழுந்தவன், ரோட்டுல ஒரே ஒரு தடவைதான் விழுந்தான். அதுக்கப்புறம் அவன் சைக்கிளைத் தொடவே இல்ல.

இந்தக் கட்டுரை அவனுக்காகத்தான். படிக்கப் போறது நீங்க!

12 பேர் சேர்ந்தாதான் படகு

செமஸ்டர் லீவுல சிங்கப்பூர் போனேன். 'அப்பா பெரிய இடமா பாஸ்?'னு கேட்காதீங்க. சித்தப்பா அங்க கப்பல் பட்டறையில சூப்பர்வைசர். நான் மூணாம் கிளாஸ் படிக்கும்போது போனவர். 'பெரியவனானதும் கூட்டிட்டுப் போறேன்டா'னு சொன்ன வார்த்தையைக் காப்பாத்த இந்த வருஷம்தான் டிக்கெட் போட்டார். அவரோட வாடகை ரூம்ல பாய் விரிச்சு ஒரு வாரம்.

ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. "சென்டோசா போலாமாடா?"ன்னார்.

"வேணாம் சித்தப்பா. புலாவ் உபின் போலாம்."

"அது எங்கடா இருக்கு? இத்தனை வருஷமா இருக்கேன், நானே போனதில்ல!"

தானா மேரா ஸ்டேஷன் வரைக்கும் ரயில். அங்கேருந்து 2-ம் நம்பர் பஸ் பிடிச்சு சாங்கி வில்லேஜ். அங்க படகுத்துறையில ஒரு பெஞ்ச். டைம்டேபிள் கிடையாது. 12 பேர் சேர்ந்தா படகு கிளம்பும். அவ்வளவுதான் ரூல்! நிமிஷக் கணக்குல ஓடுற அந்த ஊர்ல, நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரியே ஆள் சேர்றதுக்காகக் காத்திருந்தது எனக்கு செம சந்தோஷம். பத்து நிமிஷப் பயணம். இறங்கினா மரவீடுகள், தென்னை மரம், இளநீர்க் கடை, வரிசையா வாடகை சைக்கிள் கடைகள். "நம்ம ஊர் மாதிரியே இருக்கேடா"ன்னு சித்தப்பா அங்கேயே நின்னுட்டார்.

முன்னாடி ஷாக் அப்சார்பர் வெச்ச ஒரு கியர் சைக்கிளும் ஹெல்மெட்டும் எனக்கு. கூடை வெச்ச சாதா சைக்கிள் அவருக்கு. "எனக்கு இது போதும்டா. இடுப்பு முக்கியம்!"

குழி, பார்க் ஆன கதை

உபின் அடிப்படையில ஒரு கருங்கல் தீவு. மொத்தமே சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். கடலுக்கு நடுவுல இருக்கிற ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை 1851-ல கட்டி முடிச்சது இந்தத் தீவுக் கல்லாலதான். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைச்சு 1924-ல திறந்த ஜோகூர் பாலத்துக்கும் இங்கேருந்துதான் கல் போச்சு. வெட்டி வெட்டி, 1999-ல குவாரி வேலை மொத்தமா நின்னுச்சு. பள்ளத்துல மழைத்தண்ணி நிறைஞ்சு ஏரி மாதிரி ஆயிடுச்சு.

அப்படிப்பட்ட ஒரு பள்ளம்தான் கெத்தாம் குவாரி. மலாய் மொழியில கெத்தாம்னா நண்டு. (பேர்லயே கெத்து இருக்குல்ல?) சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகம், அதைச் சுத்தியிருந்த சுமார் 45 ஹெக்டேரை எடுத்து, கிட்டத்தட்ட 10 கிலோமீட்டருக்கு மண் பாதை போட்டு, 2000-களின் பிற்பாதியில மவுன்டெயின் பைக் பார்க் ஆக்கிட்டாங்க.

உள்ளே நுழைஞ்சதும் போர்டுல நீலச் சதுரம், கறுப்பு டைமண்ட், ரெண்டு கறுப்பு டைமண்ட். சீட்டுக்கட்டானு நினைச்சிடாதீங்க. பனிச்சறுக்குக்காரங்க பயன்படுத்துற குறியீடு, அப்படியே சைக்கிளுக்கு வந்திருக்கு. நீலம்னா நடுத்தரம். கறுப்பு டைமண்ட்னா கஷ்டம். ரெண்டு டைமண்ட்னா... 'நல்லா யோசிச்சுக்கோ தம்பி!' எந்த இடத்துல எவ்வளவு ரிஸ்க் இருக்குனு முன்னாடியே எழுதி வெச்சிருக்காங்க. எடுக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம். எங்க ரோட்டுல லாரி எந்த போர்டும் காட்டிட்டு வந்ததில்ல.

டைமண்ட் கொடுத்த பல்பு

நீலத்துல ஆரம்பிச்சேன். காட்டுக்குள்ள ஒத்தையடிப் பாதை. வேர், கல், திடீர்னு ஒரு ஏத்தம், உடனே ஒரு இறக்கம். ஒரு கிலோமீட்டர்லயே நாக்கு வெளியே வந்துடுச்சு. மலைன்னு பெருசா எதுவும் இல்ல. ஆனா, ஒவ்வொரு சின்ன ஏத்தத்துலயும் கியரை முன்கூட்டியே மாத்தலைன்னா வண்டி அப்படியே நின்னு போகும். நமக்குத்தான் ஆத்தங்கரையில கியரே கிடையாதே!

கொஞ்ச நேரத்துல தைரியம் வந்துடுச்சு. தைரியம் வந்தா புத்தி போயிடும் இல்லையா? கறுப்பு டைமண்ட் பக்கம் திரும்பினேன். கல்லு கல்லா ஒரு இறக்கம். பயத்துல முன் பிரேக்கை மொத்தமா அமுக்கினேன். முன் சக்கரம் நின்னுச்சு. நான் நிக்கல. ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து போய் ஓரத்துப் புல்லுல விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு, ஹெல்மெட்டுல கீறல், அவ்வளவுதான்.

பின்னாடி வந்த ஒரு சீனத் தாத்தா வண்டியை நிறுத்தினார். அறுபது வயசு இருக்கும். "ஓகே?"ன்னார். தலையாட்டினேன். சைகையிலேயே பாடம் எடுத்தார். ரெண்டு பெடலும் சம உயரத்துல. எழுந்து நில்லு. உடம்பைப் பின்னாடி தள்ளு. முன் பிரேக் ஒரே விரலால. பார்வை சக்கரத்துக்கு முன்னாடி இல்ல, பாதை எங்க போகுதோ அங்க.

வண்டியை மேலே தள்ளிட்டுப் போய் இன்னொரு தடவை இறங்கினேன். இந்தத் தடவை சக்கரம்தான் நின்னு நிதானமா இறங்குச்சு, நான் பறக்கல!

சிவில் பசங்க கவனிக்க...

நான் சிவில் படிக்கிறவன். அதனால, விழுந்த இடத்துல உட்கார்ந்து பாதையைப் பார்த்தேன். பார்த்தா, எல்லாமே நம்ம சிலபஸ்!

வளைவுல வெளிப்பக்கம் மண்ணைச் சாய்வா ஏத்தி ஒரு சுவர் மாதிரி கட்டுறதுக்குப் பேர் 'பெர்ம்'. நம்ம ஹைவேஸ் பேப்பர்ல வர்ற 'சூப்பர் எலிவேஷன்'தான் அது. 5 மீட்டர் ஆரமுள்ள வளைவுல மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்துல போனா, உராய்வே இல்லைன்னாலும் சறுக்காம இருக்க சுமார் 27 டிகிரி சாய்வு வேணும். கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா வரும். பரீட்சையில இதுக்கு எனக்கு முழு மார்க் கிடைச்சிருக்கு. ஆனா, உடம்பு சாயும்போதுதான் கணக்கு புரிஞ்சது!

இன்னொண்ணு, மண் பாதைக்கு முதல் எதிரி டயர் இல்ல, தண்ணி. பாதையை நேரா கீழே இறக்கினா, ஒரே மழையில அது வாய்க்கால் ஆயிடும். அதனால, பாதையை மலைச்சரிவுக்குக் குறுக்கா கொண்டு போவாங்க. பக்கச்சரிவு 100 மீட்டருக்கு 20 மீட்டர் இறங்குதுன்னா, பாதை 100 மீட்டருக்கு 10 மீட்டருக்கு மேல இறங்கக் கூடாது. 'பாதி விதி'ன்னு பேர். அப்பப்ப பாதையைக் கொஞ்சம் மேலே ஏத்தி இறக்குவாங்க. அந்த இடத்துல தண்ணி வெளியே ஓடிடும். நமக்கு அது ஜாலியான ஒரு குட்டி ஜம்ப். பாதைக்கு அது உயிர்!

இந்த விளையாட்டு ஆரம்பிச்ச கதையும் நம்ம ஆத்தங்கரைக் கதைதான். 1976-ல அமெரிக்காவில, சான் பிரான்சிஸ்கோ பக்கத்து மலையில சில பசங்க பழைய வெயிட்டான சைக்கிள்கள்ல இறக்கத்துல ரேஸ் விட்டாங்க. பின்சக்கர ஹப்புல இருக்கிற பிரேக் சூடாகி, கிரீஸ் புகையா போயிடும். ஒவ்வொரு ரேஸுக்கும் திரும்ப கிரீஸ் அடைக்கணும். அதனால, அந்தப் பாதைக்கே 'ரீபேக்'னு பேர் வந்துச்சு. இருபதே வருஷத்துல, 1996 அட்லாண்டாவில மவுன்டெயின் பைக் ஒலிம்பிக் போட்டி ஆயிடுச்சு. அதே தொண்ணூறுகள்ல வேல்ஸ் நாட்டுல, கோய்ட் எ பிரெனின் காட்டுல, சைக்கிளுக்குன்னே பாதை வெட்டிப் பராமரிக்கிற 'டிரெயில் சென்டர்' வந்துச்சு.

சித்தப்பா கேட்ட கேள்வி

சுத்து முடிச்சு வந்தப்ப, குவாரி தெரியுற மேட்டுல சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கீழே பச்சைத் தண்ணி. எதிர்ல செங்குத்தா பாறை. ரொம்ப நேரமா பேசவே இல்ல.

"கல்லை எடுத்தாங்க, முடிஞ்சுது, போயிட்டாங்க. நம்ம ஊர்லயும் அப்படித்தானே? அப்புறம் அந்தக் குழியை என்னடா பண்றோம்?"

யோசிச்சேன். மாங்காடு பக்கத்துல சிக்கராயபுரம் கல்குவாரிகள் இருக்கே, 2017-லயும் 2019-லயும் சென்னை தண்ணிக்குத் தவிச்சப்ப, அந்தக் குழித் தண்ணியைத்தான் சுத்திகரிச்சு நமக்குக் கொடுத்தாங்க. ஆக, குழின்னா வீண் இல்ல. ஆனா, பல குழிகளோட பேர் நமக்குத் தெரிய வர்றதே, லீவுல குளிக்கப் போன பசங்க திரும்பி வரலைன்னு பேப்பர்ல வரும்போதுதான்.

'சிங்கப்பூர்னா சூப்பர், நம்ம ஊர் வேஸ்ட்'னு சொல்ல வரல. அங்கேயும் எல்லாம் தானா நடந்துடல. இதே தீவோட கிழக்கு முனையில செக் ஜாவான்னு ஒரு கடற்கரை. அதை மண் போட்டு மூடத் திட்டம் இருந்துச்சு. மக்கள் நேர்ல போய்ப் பார்த்து, 'வேண்டாம்'னு எழுதி எழுதிக் கேட்டாங்க. 2001 டிசம்பர்ல அரசு திட்டத்தைத் தள்ளி வெச்சது. கேட்டாங்க, கிடைச்சது!

நம்ம பக்கமும் முன்னுதாரணம் இருக்கு. எங்க ஊருக்கு ரொம்ப தூரமில்லாத சோழவரத்துல, ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துலதான் பல வருஷம் கார், பைக் ரேஸ் நடந்துச்சு. அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில ரேஸுக்குன்னே டிராக் வந்துச்சு. அம்பத்தூர்ல 1949-லயே சைக்கிள் கம்பெனி வந்தாச்சு. 2023 அக்டோபர்ல ஆசிய மவுன்டெயின் பைக் சாம்பியன்ஷிப்பே பக்கத்துல, கேரளாவோட பொன்முடியில நடந்துச்சு. வேகத்துக்குன்னு ஒரு இடம் கொடுத்தா, அது ரோட்டை விட்டு இறங்கிடும். இதுக்கு கான்கிரீட் வேண்டாம், ஸ்டேடியம் வேண்டாம். மண்ணு, மண்வெட்டி, தண்ணி எங்க ஓடும்னு தெரிஞ்ச நாலு பேர், முக்கியமா முறையான அனுமதி, வருஷா வருஷம் பராமரிப்பு. 'வாங்கடா வெட்டலாம்'னு நீங்களே காட்டுக்குள்ள கிளம்பிடாதீங்க. அது தப்பு!

"பின்னாடி லாரி வரலல்ல?"

அன்னிக்கு ராத்திரி நண்பனுக்குப் போன் போட்டேன். "மச்சி, விழுந்துட்டேன்டா"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "பின்னாடி லாரி வரலல்ல?"ன்னான்.

"ஒரு தாத்தாதான்டா வந்தாரு."

சிரிச்சான். மூணு வருஷத்துல, சைக்கிள் பேச்செடுத்து அவன் சிரிச்சது அதுதான் முதல் தடவை.

ஊருக்கு வந்ததும் ரெண்டு பேரும் ஆத்தங்கரைக்குப் போனோம். அவன் என் பைக்ல பின்னாடி உட்கார்ந்து வந்தான். கரை அரசாங்கத்தோடது. நாங்க ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடல. செல்போன்ல சரிவை அளந்தோம். ரெக்கார்டு நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு பாதை வரைஞ்சோம். 'பாதி விதி'யைச் சொன்னேன். அவன் நோட்டைப் பிடுங்கி ஒரு வளைவை அடிச்சுட்டுத் திரும்ப வரைஞ்சான். "இங்க ஒரு மேடு வேணும்டா. இல்லைன்னா ஐப்பசியில தண்ணி நிக்கும். எனக்குத் தெரியாதா?"

ரெண்டு டைமண்ட் போடலாமானு கேட்டேன்.

"மொதல்ல நீலச் சதுரம் போடு. நானும் ஓட்டணும்ல?"ன்னான்.

---

போற ஐடியா இருக்கா?

* உபின், சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கிற தீவு. எதிர்க்கரை மலேசியாவா தெரிஞ்சாலும் தனி விசா தேவையில்லை.
* படகுக்கும் கடைகளுக்கும் சில்லறையா டாலர் வெச்சுக்கோங்க.
* கூடை வெச்ச சைக்கிள் தார் ரோட்டுக்கு மட்டும். கெத்தாம் பார்க்குக்கு ஷாக் அப்சார்பர், நல்ல பிரேக் உள்ள வண்டியா பார்த்து எடுங்க. ரெண்டு பிரேக்கையும் கடை வாசல்லயே சோதிச்சுடுங்க.
* ஹெல்மெட் கட்டாயம். ரெண்டு பாட்டில் தண்ணி அவசியம். வெயில் நம்ம சென்னைக்குச் சளைச்சதில்ல!
* குரங்கும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும். தீனி போடாதீங்க, துரத்தாதீங்க.
* படகு இன்னும் வேணுமா? சிங்கப்பூர் மெயின் தீவுலயே செஸ்ட்நட் பூங்கா இருக்கு. நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை!