கடல் பார்க்காத மூன்று பயணங்கள்

ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. மொத்தம் நான்கு நாள். ரயில், பேருந்து, தங்குமிடம், நடை திறக்கும் நேரம் எல்லாவற்றையும் கட்டம் போட்டு அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தவள் ஒன்றுதான் கேட்டாள்: "உனக்கு நாள் எப்போடி?"

எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் நாள், ராமேஸ்வரத்தில்.

"மாத்திரை போட்டுக்கோ" என்றாள், குடை எடுத்துக்கோ என்று சொல்வதுபோல.

கல்யாணம், கிரகப்பிரவேசம், குலதெய்வம் கும்பிடு என்று எது வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் வாங்குவது அந்த மாத்திரையைத்தான். நோரெத்திஸ்டிரோன் என்பது அதன் பெயர். நாளுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தள்ளிப்போட்டது வந்துவிடும். ரத்தம் உறையும் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் மருந்துக்கடையில் நம்மிடம் கேட்பது "எத்தனை நாளைக்கு வேணும்?" என்பது மட்டும்தான்.

"போட மாட்டேம்மா" என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாவு அரைக்க ஊறவைத்த உளுந்தைக் கழுவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். ராமேஸ்வரத்துக்கு அவள் இதுவரை மூன்று முறை போயிருக்கிறாள். மூன்றும் அப்பா வீட்டுக் காரியங்களுக்காக. மூன்று முறையும் மாத்திரை. சத்திரத்தில் பதினான்கு பேருக்குச் சமையல். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்த புடவையோடு ஓடிவந்து, மாற்றிக்கொள்ள மறைவு தேடி, மறுபடி அடுப்படி. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. "கடலைப் பார்த்தேனான்னு கேட்டா, பார்க்கலைன்னுதான் சொல்லணும்." ஊர் திரும்பிய பிறகு ஒருமுறை பெருக்கெடுத்து, எட்டு நாள் நிற்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை, கேட்க ஒரு ஆளும் இல்லை.

இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. "அந்தக் கணக்கு முடிஞ்சுது. அதுக்குள்ள முழங்கால் போயிடுச்சு" என்று சிரித்தாள்.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். இந்தத் தீவில் யார் ஊர் சுற்றலாம், யார் கூடாது என்பதற்குப் பெருமாளே உதாரணம். நம்பெருமாள் உறையூர் போவார், ஜீயபுரம் போவார், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் போவார். ரங்கநாயகித் தாயார் சன்னதிப் படியைத் தாண்டுவதில்லை. அதனால் அவருக்குப் படிதாண்டாப் பத்தினி என்று பெயர். பங்குனியில் உறையூர் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு பெருமாள் திரும்பும்போது தாயார் கதவைச் சாத்திவிடுவார். ஊரே கூடி ரசிக்கும் ஊடல் அது. சின்ன வயதில் நானும் ரசித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள உரிமை உண்டு, கிளம்பிப் போக உரிமை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் தெருவில் படிதாண்டாத பெண் என்பது இன்றும் பாராட்டு.

அப்பா திருப்பதிக்குப் போனால் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அம்மா கிளம்ப வேண்டுமென்றால் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நான்கு நாளைக்குத் தோசை மாவு, மாவு வாங்க வருகிறவர்களுக்குத் தகவல். என் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. இது பயண ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றவில்லை. பெண்ணியம் பேசுகிற எனக்கே!

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து திருச்செந்தூருக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஒரே பேருந்தில் போய்விடலாம் என்று எழுதியிருந்தேன். பேருந்து ஏற வேண்டுமென்றால் அம்மா இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவாள். வழியில் இறங்கி ஒதுங்க இடம் கேட்பதைவிடத் தாகம் சுலபம் என்பது அவள் அனுபவம். 2021 மே மாதத்திலிருந்து ஸ்ரீரங்கத்தில் 1ஆம் எண் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லாமல் ஏறி ஜங்ஷன் போகிறாள். அதற்குப் பிறகு காந்தி மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகப் பழகிவிட்டாள். ஆனால் அந்த இலவசம் நகரப் பேருந்தோடு முடிகிறது. வெளியூர் போவதற்குக் காசோடு கழிப்பறையும் வேண்டும்.

இருவரும் உட்கார்ந்து திட்டத்தை மாற்றினோம். தூத்துக்குடியில் இறங்கி, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த பேருந்து. அப்பாவுக்குப் பொடி எதுவும் இல்லை. அரிசி, பருப்பு, சீரகம் எந்த டப்பாவில் என்று ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டுவது. "சீரகம் எதுன்னு தெரியுமா அவருக்கு?" என்று அம்மா கேட்டாள். தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

இரண்டாம் நாளுக்கு வந்தோம். அம்மா பேனாவைக் கேட்டு வாங்கினாள். "காலை: இருபத்திரண்டு தீர்த்தம், தரிசனம்" என்பதை அடித்துவிட்டு "தனுஷ்கோடி" என்று எழுதினாள். 1964 புயலில் அழிந்த அந்த ஊரைத் தாண்டி, அரிச்சல்முனை வரைக்கும் இப்போது சாலை இருக்கிறது.

"கோயில்?"

"நீ உள்ளே வரக்கூடாது. நீ வெளியில உட்காந்திருக்க, நான் மட்டும் உள்ளே போயி என்ன செய்ய? சாமியை மூணு தடவை பார்த்தாச்சு. கடலைத்தான் பார்க்கலை."

மாதவிடாயோடு கோயிலுக்குள் போனால் என்ன என்பது என் கேள்வி. அது அவள் கேள்வி அல்ல. அந்த விதியை அவள் உடைக்கவில்லை. என்னோடு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். அன்று நான் வாதம் செய்யவில்லை.

நான்காம் நாள் கன்னியாகுமரி. அங்கே அம்மனுடைய கிழக்கு வாசல் கடலைப் பார்த்தது. ஆண்டில் சில நாள் தவிர அது சாத்தியே இருக்கும். அதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பாவம், பக்கத்திலேயே இருந்துகிட்டு" என்றாள். பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உளுந்தைக் கிரைண்டரில் போட எழுந்தாள்.