நான் கேட்காத கேள்வி

“உளநூல் கற்றவராயிற்றே, எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடுவதை அறிந்து சொல்வீர்களோ?” என்று நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் அன்பர் ஒருவர் என்னைக் கேட்டார். சிரித்து மழுப்பினேன். பெற்ற மகளின் மனத்தில் ஓடியதையே அறியாதிருந்தவன் நான்.

தில்லியில் 28 ஆண்டுகள் பேராசிரியத் தொழில் புரிந்தேன். துப்பாக்கி சுடுவோர், நீந்துவோர், நுழைவுத் தேர்வுக்குப் பயில்வோர் ஆகியோர் நெருக்கடியில் எவ்வாறு தேறுகிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்பதே என் ஆராய்ச்சி. எங்கள் துறையில் யெர்க்ஸ், டாட்சன் என்னும் அமெரிக்கர் இருவர் 1908-இல் வெளியிட்ட சோதனை ஒன்று பெரும்புகழ் பெற்றது. வெள்ளைப் பெட்டி, கறுப்புப் பெட்டி இரண்டனுள் வெள்ளையைத் தேர்ந்து நுழையுமாறு சுண்டெலிகளைப் பழக்கினார்கள், தவறினால் மின்னதிர்ச்சி. வேறுபாடு தெளிவாய் இருந்தபோது, அதிர்ச்சி மிகுந்தால் விரைந்து கற்றன. வேறுபாடு நுட்பமானபோதோ, மிகுந்த அதிர்ச்சி கற்பதற்கே தடையாயிற்று. பிற்காலத்தார் இதனைக் கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைகோடாக வரைந்து, அதிர்ச்சியை மனக்கிளர்ச்சி என்றும், எலியை மனிதன் என்றும் கொண்டுவிட்டனர். அக்கோட்டை நானும் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருப்பேன். அந்த எலிகள் உறங்கினவா என்று மாணவர் எவரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

2010-ஆம் ஆண்டு என் மகள் பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பயின்றுகொண்டிருந்தாள். ஊரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு வடக்கே வந்த குடும்பம் எங்களுடையது. “சற்று அச்சம் இருப்பது நல்லதம்மா” என்று வளைகோட்டை நம்பி அவளுக்கு உபதேசம் செய்தேன். மதிப்பெண்ணும் ஏறிற்று. ஓரிரவு என் மனைவி, “மார்க்கு ஏறுகிறது என்று மகிழ்கிறீர்களே, குழந்தை சரியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா?” என்றாள். தெரியாது. அவள் உறங்குவதும் இல்லை என்பது பிறகே தெரிந்தது. அவ்வாண்டு அவள் தேர்வு எழுதவில்லை. மனநல மருத்துவர் ஒருவரின் துணையால் 8 மாதங்களில் மெல்லத் தேறினாள். “பேராசிரியர் வீட்டிலேயே இப்படியா?” என்று உறவினர் வியந்தது என்னவோ உண்மை.

அடுத்த ஆண்டு அபினவ் பிந்த்ராவின் தன்வரலாறு வெளிவந்தது. 2008-இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பொற்பதக்கம் வென்றவர் அவர். வென்றபின் தம்மைச் சூழ்ந்த வெறுமையை அவர் ஒளிக்காமல் கூறியிருப்பவர். தோற்றவர்க்கே மனத்துயர் என்று எண்ணியிருந்த எனக்கு அது பெரிய பாடம். அதன்பின் என் வினாப்பட்டியலின் தலைப்பில் இரண்டு வினாக்களைச் சேர்த்தேன்: நேற்றிரவு உறங்கினீரா? இன்று உணவு உண்டீரா? “இது மருத்துவர் கேட்க வேண்டியதல்லவா?” என்றார் சக ஆசிரியர் ஒருவர். 2019-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, உயர்நிலை விளையாட்டு வீரர்களின் மனநலம் பற்றி அறிஞர்களைக் கொண்டு வெளியிட்ட அறிக்கையில் உறக்கக் கோளாறும் உணவுக் கோளாறும் இடம்பெற்றிருப்பதைக் கண்டபோது, அவரை நினைத்துக்கொண்டேன், என் மனைவியையுந்தான்.

மகள் இப்பொழுது பெங்களூரில் ஆசிரியை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “சாப்பிட்டாயா?” என்றுதான் தொடங்குகிறேன். “முதல் வினாவுக்கு விடை எழுதிவிட்டேன், அப்பா, அடுத்ததைக் கேளுங்கள்” என்கிறாள்.