பகெத்தும் பழைய துப்பாக்கியும்

ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்குத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது என்றால் சிரிப்பீர்கள். அரசாங்க வேலையில் நான் கையில் எடுத்த பெரிய ஆயுதம், காகிதம் கோக்கும் குத்தூசிதான்.

மகள் பிரான்சில் இருக்கிறாள். வருஷத்தில் மூன்று மாதம் அவள் வீட்டில் இருப்பேன். சம்பந்தியும் நம் புதுச்சேரிக்காரர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. "டிவியையே பார்த்துக்கிட்டு என்ன செய்யப் போறீங்க சம்பந்தி? வாங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் கழகத்துக்குக் கூட்டிப் போனார்.

அவருடையது 1842 மாடல் ராணுவத் துப்பாக்கி. குழலின் வாய் 18 மில்லிமீட்டர். முதலில் அளந்த கரிமருந்து, அதன்மேல் ஈயக் குண்டு, எல்லாம் வாய் வழியாகத்தான். "பகெத்தை எடுங்க" என்றார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். ரொட்டி எங்கே என்று மேசையைத் தேடினேன்! குண்டை உள்ளே தள்ளும் நீளக் கோலுக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான். கடைசியில், தீபாவளித் துப்பாக்கிக்கு வைப்பது போல ஒரு கேப்பு. அதற்குப் பிறகுதான் விசை.

சுட்டதும் வெள்ளைப் புகை எழுந்து இலக்கையே மறைத்தது. கந்தக வாசனை. சின்ன வயதில் நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கிட்டிப்பதை வாய் பிளந்து பார்த்த பையன் எனக்குள்ளேயே இருந்திருக்கிறான். அன்று பிடித்ததுதான். மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கிக் கழகத்தில் பெயர் பதிந்துகொண்டேன்.

இதில் அவசரம் கிடையாது. போட்டி விதிப்படி 30 நிமிஷத்தில் 13 குண்டு. சிறந்த 10 மட்டும் கணக்கு. இலக்கு 50 மீட்டரில். ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் செய்ய வேண்டும். குமாஸ்தாவுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உண்டா என்று பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமை இரண்டு வருஷம் முன்பு உடைந்தது. ஒருநாள் விசையை இழுத்தேன். கேப்பு மட்டும் 'டப்' என்றது. "அசையாதீங்க, குழல் இலக்கைப் பார்த்தே இருக்கட்டும்" என்றார் சம்பந்தி. சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். ஒரு நிமிஷம் நின்றோம். பிறகு பகெத்தின் நுனியில் திருகாணி மாட்டிக் குண்டை வெளியே இழுத்தார். பின்னால் மருந்தே இல்லை. போட மறந்திருக்கிறேன்.

வாய் விட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் மகள் வீட்டில் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது காரில், "இனிமேல் வரலை சம்பந்தி. மருந்தை மறந்தவன் நாளைக்கு இரண்டு தடவை போடுவேன்" என்றேன். அது விளையாட்டில்லை, குழல் வெடிக்கலாம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் 13 சின்னக் குப்பிகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குண்டுக்கான மருந்து. "காலியான குப்பியைக் கவிழ்த்து வைங்க. மிச்சத்தை எண்ணினா தெரிஞ்சிடும்." பகெத்திலும் இரண்டு கோடு போட்டுத் தந்தார். மருந்தும் குண்டும் சரியாக இருந்தால் ஒரு கோடு வரை இறங்கும். குழல் காலியாக இருந்தால் அடுத்த கோடு வரை. போட்டிக்காரர்களும் மருந்தை இப்படிக் குப்பிகளில் அளந்துதான் கொண்டு வருவார்களாம், இளைஞர்கள் உட்பட.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அலுவலகத்தில் நான் நினைவை நம்பியா வேலை பார்த்தேன்? அனுப்புகைப் பதிவேட்டை நம்பித்தானே!

இப்போது புதுச்சேரி வீட்டிலும் மாத்திரைக்கு ஏழு குப்பி, கவிழ்த்து வைக்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு. ஜூனில் மறுபடி பயணம். போன தடவை 10-க்கு 71 புள்ளி வாங்கினேன், அதாவது நூற்றுக்கு. சம்பந்தி 84. பார்க்கலாம்.