கடற்கரையே இல்லாத அரியலூரில் ஒரு கடல் பயணம்!

அரியலூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? சிமென்ட் ஆலைகள், கங்கைகொண்ட சோழபுரம்... எனக்கும் அவ்வளவுதான். "அங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு, போய்ப் பார்த்து எழுதும்மா" என்று அலுவலகத்தில் சொன்னதும் மேப்பைத் திறந்தேன். அந்த மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது!

சென்னையிலிருந்து ரயிலில் போய், அரியலூரில் ஒரு கார் பிடித்தேன். முதலில், பக்கத்திலேயே இருக்கும் கல்லங்குறிச்சி. கலியுக வரதராஜப் பெருமாள் இங்கே கல் கம்ப வடிவில் அருள்கிறார். தரிசனம் முடிந்து வரும் வழியில், சாலையோரம் கிடந்த சுண்ணாம்புக் கல்லைக் குனிந்து பார்த்தேன். கல் முழுக்கச் சிப்பிகள்! சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே ஆழம் குறைந்த கடல் இருந்தபோது வாழ்ந்தவை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "என்ன பாப்பா, கிளிஞ்சக் கல்லு பார்க்க வந்தியா?" என்றார். வாயில் வெற்றிலை. "அந்தக் காலத்துல இதைச் சூளையில சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பாங்க. சுட்டா எடை பாதியாப் போயிடும்." அந்தப் பாதி எங்கே போகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, பெரம்பலூர் மாவட்டத்தின் காரை. மழை அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் வறண்ட பூமி. வெயிலில் ஜிப்சம் துண்டுகள் மின்னுகின்றன. இது இன்னும் பழைய கடல். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள். இங்கே கிடைக்கும் புதைபடிவங்களில் முக்கியமானது அம்மோனைட். சாளக்கிராமத்தில் சக்கரம்போல ஒரு சுருள் இருக்குமே, அதுவும் அம்மோனைட்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் உலகக் கடல்களில் வாழ்ந்த இந்த இனம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துபோனது.

காரணம், மெக்சிகோவின் சிக்சுலூப்பில் விழுந்த விண்கல். அங்கிருந்த பாறைகளில் கந்தகம் அதிகம். அது ஆவியாகி, அமில மழையாகக் கடலில் இறங்கியது. நெதர்லாந்தில் உள்ள ஒரு குகையின் களிமண்ணில் கிடைத்த நுண்ணிய ஓடுகளை ஆராய்ந்து, 2019-ல் விஞ்ஞானிகள் இதை உறுதிசெய்தார்கள். கடல் மேற்பரப்பின் பிஹெச் அளவு சட்டென்று சுமார் 0.25 குறைந்திருக்கிறது. முட்டை ஓட்டில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் இல்லையா? ஓடும் சிப்பியும் அமிலத்தைத் தாங்காது. அம்மோனைட் குஞ்சுகள் மேற்பரப்பில் மிதந்து வளர்ந்ததால் தப்பவில்லை, ஆழத்தில் முட்டையிட்ட நாட்டிலஸ் தப்பியது என்று கருதுகிறார்கள்.

இது முதல்முறையும் அல்ல. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சைபீரியாவில் எரிமலைகள் கக்கிய கார்பன் டை ஆக்ஸைடு, கடலை அமிலத்தின் பக்கம் தள்ளியது. வெப்பமும் ஆக்ஸிஜன் குறைவும் சேர்ந்துகொள்ள, கடல் இனங்களில் 80 சதவிகிதத்துக்கும் மேல் அழிந்தன.

ஒரு சந்தேகம் வரலாம். காரை கடல் இருந்த காலத்திலும் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு இன்றைவிட அதிகம்தானே, பிறகு எப்படி இவ்வளவு சிப்பிகள்? விஷயம் அளவில் மட்டும் இல்லை, வேகத்தில் இருக்கிறது. மெதுவாகக் கூடினால், பாறைகள் கரைந்து ஆறுகள் கொண்டுவரும் தாதுக்கள் கடலைச் சமன்செய்துவிடும். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நாம் கொடுத்திருப்பதோ இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் பிஹெச் ஏற்கெனவே சுமார் 0.1 குறைந்துவிட்டது. கேட்கச் சிறிய எண். ஆனால் அமிலத்தன்மை கால்பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பும்போது எதிரே வரிசையாகச் சுண்ணாம்புக் கல் லாரிகள். பாட்டி சொன்ன 'பாதி' அப்போதுதான் உறைத்தது. ஒரு டன் சுண்ணாம்புக் கல்லை முழுதாகச் சுட்டால் சுமார் 440 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். அந்தச் சிப்பிகள் கடலிலிருந்து எடுத்து ஓட்டில் பூட்டிவைத்தது, நம் சூளைகளில் மறுபடி காற்றுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கு கடலுக்கே திரும்புகிறது. இந்த லாரிகளை நம்பி இங்கே எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் வீடும் சிமென்ட்டில் கட்டியதுதான். யாரைக் குறை சொல்ல?

நீங்களும் போக நினைத்தால், காலையிலேயே கிளம்புங்கள். காரையில் நிழலே கிடையாது. தண்ணீர், தொப்பி அவசியம். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். முக்கியமாக, கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடுத்து வருகிறவர்களும் அந்தக் கடலைப் பார்க்கட்டும்!