சேங்கொட்டைக் குறி

வருகின்ற மே விடுமுறையில் நாங்கள் இருவரும் இத்தாலிக்குச் செல்வதாக இருக்கிறோம். உரோமாபுரியையோ வெனிசையோ காண்பதற்காக அன்று. காஸ்தில்யோனே தெல்லெ ஸ்தீவியெரே என்னும் சிற்றூரைக் காண்பதற்காக. நாக்கு சுளுக்கிக்கொள்ளும் இப்பெயரைக் கேட்டவர்கள், "அங்கே என்ன இருக்கிறது?" என்று வினவுகிறார்கள். தமிழ் கற்பித்துச் சோறு உண்பவர்களுக்கு அங்கே ஒரு கடன் இருக்கிறது. கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்த ஊர் அது.

பயணத் திட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மிலான் நகரில் இறங்கி, வெனிசுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் கார்தா ஏரிக்கரையிலுள்ள தெசென்சானோ வரை தொடர்வண்டி. அங்கிருந்து தெற்கே பேருந்து. ஆளுக்கு ஒரு கைப்பை, ஏழு கிலோ எடை. அதற்குள் பத்து நாள் உடை அடங்காது. நான்கு உடுப்பு எடுத்துக்கொண்டு இரவில் துவைத்து உலர்த்திக்கொள்வதென்று முடிவு செய்தோம். கீரனூரில் மே மாத வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் வேட்டி காய்ந்துவிடும். அவ்வூர்க் குளிரில் எப்படியோ என்ற கவலை வந்தபோதுதான் அம்மா பேச்சில் கலந்துகொண்டார்.

"ஏம்ப்பா, அந்த ஊர்ல துணி வெளுக்கிறது யாரு?"

காசு போட்டால் துவைத்துத் தரும் இயந்திரக் கடைகள் இருக்கின்றன என்றோம். "இப்ப சரி. அந்தச் சாமியார் காலத்துல?" என்றார். எங்களிடம் விடையில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஊர்த்துணி வெளுத்த குடும்பத்தார். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையுமாக ஒரே தெருவில் வளர்ந்தோம். விடியுமுன் வெள்ளாவி வைப்பதும், உவர்மண்ணில் நனைத்த துணியை மூட்டை கட்டிக் கண்மாய்க்குச் சுமப்பதும் எங்கள் இளமை. மாலையில் வீடு வீடாகச் சென்று சோறு வாங்கிவருவதும் அதனுள் அடங்கும். வாசற்படிக்குக் கீழே நின்று "சோறு போடுங்க" என்று கேட்ட குரல் இன்றும் தொண்டையில் எங்கோ இருக்கிறது. இருபதாண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறோம். மாணவரிடமோ உடன் பணிபுரிவோரிடமோ இதைச் சொன்னதில்லை. குறுந்தொகையில் ஆடைக்குக் கஞ்சிப் பசை தோய்த்து அலசும் புலைத்தி ஒருத்தி வருகிறாள். அப்பாட்டை நடத்தும்போதெல்லாம் உவமையின் நயத்தை மட்டும் விளக்கிவிட்டு விரைந்து கடந்துவிடுவோம். எங்கள் வீட்டுப் பெண்ணைத் தெருவில் கண்டும் காணாததுபோல் போவதற்கு ஒப்பானது அது.

வீரமாமுனிவரின் வரலாற்றை 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதினார். நீண்ட அங்கி, தலைப்பாகை, காதில் முத்துக் கடுக்கன் என அவருடைய கோலத்தை விரிவாகச் சொல்வது அந்நூல். அதில் எவ்வளவு உண்மை என்று பிற்கால அறிஞர் ஐயுற்றதுண்டு. ஐயத்திற்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு. இவ்வெயிலில் நடந்து திரிந்தவரின் அங்கி அழுக்கடைந்திருக்கும். அதை யாரோ வெளுத்திருப்பார்கள். எங்கள் வட்டாரத்து ஆவூரிலும் அவர் பணியாற்றியிருக்கிறார். அவ்வூர்க் குளத்தங்கரையில் அதை அடித்துத் துவைத்தது எங்கள் முன்னோராகவும் இருக்கலாம். அம்மாவின் வினாவுக்கு இதற்குமேல் எங்களால் செல்ல முடியவில்லை.

புறப்படுவதற்கு இன்னும் நாளிருக்கையிலேயே அம்மா எங்கள் உடுப்புகளைத் தாமே துவைக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். வீட்டில் துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. எழுபது கடந்த உடம்பு. எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. துவைத்து, கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி மடித்தபின், "நாட்டு மருந்துக் கடையில சேங்கொட்டை வாங்கிட்டு வா தாயி" என்றார்.

சேங்கொட்டையின் சாறு தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். துணியில் பட்டால் கறுத்து அழியாமல் நிற்கும். ஊசி முனையால் அதைத் தொட்டு, ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி வைத்து, சுண்ணாம்பு தடவுவார்கள். மூன்று புள்ளி ஒரு வீடு. ஒரு கோடும் ஒரு புள்ளியும் இன்னொரு வீடு. எழுத்தறியாத அம்மா, நூறு வீட்டுக் குறிகளைப் பிழையின்றிப் படித்தவர். எங்கள் துணிகளுக்கு மட்டும் குறி வைத்ததேயில்லை. பிறர் உடைமையைத்தானே அடையாளமிட வேண்டும்!

"வெளிநாட்டுல துணி மாறிப்போயிருமில்ல" என்று சொல்லி, சட்டைக் கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் குறி வைக்கத் தொடங்கினார். எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தோம். அவர் ஒரு புள்ளி வைத்து, அதனை அப்படியே சுழித்துவிட்டார்.

"ஏம்மா சுழிக்கிறீங்க?"

"தனிப் புள்ளி இழையில மறஞ்சு போகும். சுழிச்சு விட்டாத்தான் கண்ணுக்குத் தெரியும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பழந்தமிழில் புள்ளி பெற்றால் எகரம், பெறாவிட்டால் ஏகாரம். ஒகர ஓகாரங்களுக்கும் அதுவே வழக்கு. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியுமென்று எழுதுவோர் அதை விட்டுவிட, குறில் எது, நெடில் எது என்று தெரியாமல் படிப்போர் இடர்ப்பட்டனர். வீரமாமுனிவர் ஏகாரத்திற்குக் கீழே ஒரு கோடிழுத்தார். ஓகாரத்திற்கு ஒரு சுழி கொடுத்தார். ஒற்றைக் கொம்பு நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பாயிற்று. தேம்பாவணியின் 3615 பாடல்களையும், 1732இல் தொகுத்த சதுரகராதியையும் அறியாதவர்கள்கூட நாள்தோறும் அந்தச் சுழியை எழுதுகிறார்கள். அதற்கான காரணத்தை, அவர் பெயரையே கேட்டறியாத அம்மா ஒரு சட்டையின் கழுத்தில் எழுதிக் காட்டிவிட்டார். கூச்சம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

காஸ்தில்யோனேவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1859 ஜூன் 24 அன்று அருகிலுள்ள சோல்ஃபெரினோவில் நடந்த போரில் காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டனர். தற்செயலாக அங்கிருந்த ஹென்றி துனாந்த், ஊர்ப்பெண்களோடு சேர்ந்து கோவிலுக்குள் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். எந்நாட்டுப் படைவீரன் என்று பாராமல், எல்லோரும் உடன்பிறந்தோரே என்று சொல்லி அப்பெண்கள் புண்களைக் கழுவினர். சிறுவர்கள் ஊற்றுகளிலிருந்து நீர் சுமந்து வந்தனர். அவ்வனுபவத்திலிருந்தே செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. துனாந்துக்கு 1901இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வூரில் இப்போது செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. குருதி தோய்ந்த துணிகளை அலசிய அப்பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. எங்களுக்கு அது புதிதன்று.

அங்கே சேர்ந்த முதல் இரவு, இயந்திரக் கடையைத் தேடப்போவதில்லை. தங்குமிடத்துத் தொட்டியில் அவ்வூர்த் தண்ணீரைப் பிடித்து, குறி வைத்த சட்டையை எங்கள் கையாலேயே துவைத்துக் காயப்போடுவோம். அந்த ஊரில் துணி வெளுத்தது யாரென்று அம்மா கேட்டால், "நாங்கள்தான்" என்று சொல்லலாம்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் குறுந்தொகைப் பாடம் வரும். இம்முறை அந்தப் புலைத்தியை விரைந்து கடக்கப்போவதில்லை.