பெருநோய்க்குப் பின் ஒரு யாத்திரை

கோவாவிற்குச் செல்லக் கருதியுள்ளேன் எனக் கேட்ட அன்பர் சிலர், "கடற்கரைக் களியாட்டில் பண்டிதர்க்கு என்ன வேலை?" என்று நகைத்தனர். யான் காண விழைவன அந்நாட்டுச் சிவாலயங்கள் இரண்டாம்.

ஒன்று மங்கேசர் திருக்கோயில். இப்பெருமான் முன்னர்ச் சுவாரி ஆற்றங்கரைக் குசஸ்தலியில் எழுந்தருளியிருந்தார். போர்த்துக்கீசியர் கோயில்களை இடித்து வந்த காலத்து, 1560ஆம் ஆண்டில், அடியவர்கள் சிவலிங்கத்தைத் தாங்கிச் சென்று, அவராட்சிக்கு உட்படாத பிரியோல் என்னும் ஊரிற் சேர்த்தனர். மற்றொன்று தாம்டி சூர்லா மகாதேவர் கோயில். கதம்பர் காலத்துக் கற்றளியாகிய இது, மலையடிவாரக் காட்டினுள் மறைந்திருந்தமையால் அழிவுக்குத் தப்பியது என்ப.

2020ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நண்பரொருவருடன் செல்வதாக இருந்தேன். கொரோனா என்னும் பெருநோயால் புகைவண்டிகள் நின்றன. ஆலயக் கதவுகளும் அடைபட்டன. "இனி எங்கே சென்று தொழுவோம்?" என்று நண்பர் வருந்தினார். மறு ஆண்டு அந்நோயாலேயே அவர் சிவபதம் அடைந்தார். அவர் முகத்தைக் காணவும் எமக்கு வாய்க்கவில்லை.

அவர் வினாவிற்கு விடை அவ்விரு கோயில்களே என்று இப்பொழுது எண்ணுகின்றேன். அடியவர் பெயர்ந்தவழிப் பெருமானும் உடன் பெயர்ந்தான். அவர் ஒதுங்கி உறைந்தவழித் தானும் ஒதுங்கி உறைந்தான். கதவு அடைபட்ட நாளிலும் தொழுவார் உள்ளத்தை அவன் நீங்கினானல்லன்.

ஆதலின், மழை ஓய்ந்த கார்த்திகையில் மட்காவ் நிலையத்தில் இறங்கி, முதற்கண் மங்கேசரைத் தொழுது, மறுநாள் காடு புக எண்ணம். நண்பர் எழுதிவைத்த வழிக்குறிப்பே கையிலுள்ளது. திருவருள் கூட்டுக.